கால்வேலியும் கால்பந்தும்

உத்திரமேரூர் என்றதும் படித்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஒரு சங்கதி உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. கி.பி. 919, 921. குடவோலை போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த சட்டதிட்டம் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைத் தமிழனின் ஜனநாயகம் என்று படித்தோம். 2020 டிசம்பர் 10 அன்று தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் இந்தக் கல்வெட்டைத்தான் எடுத்துப் பேசினார்.

நல்லது. அந்தக் கல்வெட்டைப் பக்தியை ஓரமாக வைத்துவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு ஆள் எடுக்கிற நோட்டீஸ் மாதிரி படித்துப் பாருங்கள். 30 குடும்பு. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். யார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம்? கால்வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலியாகக் குறைந்தால் வேதத்தோடு பாஷ்யமும் தெரிந்திருக்க வேண்டும். இழிந்தோரோடு சேர்ந்து பதிதராகிப்போனவர் பிராயச்சித்தம் செய்கிறவரைக்கும் கிடையாது.

இன்ன சாதியான் வரக்கூடாது என்று எவனும் எழுதவில்லை. அப்படி எழுத வேண்டிய அவசியமே அந்தச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு இல்லை. நிலம், மனை, வேதம் என்று மூன்று வார்த்தை போதும். ஏரியை வெட்டினவன், மடை திறந்தவன், கழனியில் சேறு மிதித்தவன் அத்தனை பேரும் தானாகவே கழன்று விழுந்துவிடுவான். குடத்துக்குள் அவன் ஓலை போகாது. அதன் பிறகு குடத்தை எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும், விவரம் தெரியாத சிறுவனை விட்டே எடுக்கச் சொன்னாலும் நமக்கு என்ன வந்தது?

சாதி எப்போதும் வாசலில் தடியோடு நிற்பதில்லை. பல நேரம் அது தகுதி விதியாக, படிவமாக, நுழைவுக் கட்டணமாக உட்கார்ந்திருக்கிறது. இந்த இதழில் விளையாட்டைப் பற்றி ஏன் தலையங்கம் என்று கேட்கிற தோழர்களுக்கு இதுதான் பதில். விளையாட்டு என்பது விதிகளால் ஆனது. ஆட்டத்துக்குள்ளே இருக்கிற விதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆட்டத்துக்குள் வருவதற்கு முன்னால் இருக்கிற விதியைப் பற்றி நாம்தான் பேச வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் போவோம். பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ. அங்கே 1898இல் போர்ச்சுகீசியக் குடியேறிகள் ஒரு படகுப்போட்டிச் சங்கம் ஆரம்பித்தார்கள். வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட 400வது ஆண்டு என்பதால் அவன் பெயரையே வைத்தார்கள். 1498இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினவன், 1502இல் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய கப்பலை ஆட்களோடு கொளுத்தினவன். அந்தக் கொலைகாரன் பெயரைச் சுமந்த சங்கம் ஒடுக்கப்பட்டவனுக்காக நின்ற சங்கமாக மாறிய கதை வரலாற்றின் குசும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13இல். அதாவது சங்கம் பிறந்தபோது முன்னாள் அடிமைகள் விடுதலையாகிப் பத்து வருடம்தான். கால்பந்து அப்போது பெரிய வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம். ஃப்ளுமினென்ஸ் என்ற கனவான்கள் அணியில் ஆடிய கலப்பினத்து வீரர் ஒருவர் முகத்தில் அரிசி மாவு பூசிக்கொண்டு களத்தில் இறங்கினார், வியர்வையில் மாவு வழிந்ததும் கூட்டம் கேலி செய்தது என்று அங்கே ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கதை எவ்வளவு உண்மையோ, வெள்ளையாகத் தெரிந்தால்தான் ஆட முடியும் என்பது உண்மை. நம்மில் எத்தனை பேர் நகரத்தில் வீடு பிடிக்கப் பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்கிறோம்? அந்த அரிசி மாவு நமக்கும் தெரிந்த மாவுதான்.

வாஸ்கோ 1904லேயே வெள்ளையரல்லாத ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த சங்கம். 1915இல் கால்பந்துக்கு வந்தது. கீழ்ப்பிரிவிலிருந்து ஏறி 1923இல் ரியோவின் முதல் பிரிவில் முதல் தடவையாக ஆடியது. கறுப்புச் சட்டை அணி. ஆட்டக்காரர்கள் யார்? கறுப்பர்கள், கலப்பினத்தவர், ஏழை வெள்ளையர். ஒருவர் வண்டியோட்டி, ஒருவர் சுவருக்கு வண்ணம் பூசுகிறவர், ஒருவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அந்த வருடம் அவர்கள் தோற்றது ஒரே ஓர் ஆட்டம், ஃப்ளமெங்கோவிடம். கோப்பையைத் தூக்கிவிட்டார்கள்.

உடனே பெரிய சங்கங்களுக்கு ஒழுக்கம் பற்றிய கவலை வந்துவிட்டது. ஃப்ளுமினென்ஸ், ஃப்ளமெங்கோ, பொடஃபோகோ முதலானவை 1924 மார்ச்சில் பழைய கழகத்தை விட்டு விலகிப் புதிய கழகம் ஒன்றை அமைத்தன. அதன் விதிகளைப் பாருங்கள், நம் கோயில் சுவர் ஞாபகம் வரும். ஆட்டக்காரன் காசுக்கு ஆடாதவனாக இருக்க வேண்டும். சோற்றுக்கு என்ன தொழில் செய்கிறான் என்று காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சங்கத்துக்குச் சொந்த மைதானம் வேண்டும். கறுப்பன் வரக்கூடாது என்று ஒரு வரி இல்லை. நிலம், தொழில், எழுத்து. கால்வேலி, மனை, வேதம்.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கு இந்த எழுத்து விஷயம் நன்றாகப் புரியும். தன் சொந்தப் பணத்தை எடுக்க வருகிற கிழவி மைப்பெட்டியைப் பார்த்துக் கூசி நிற்கிறாள். அவளுக்கு எழுத்து மறுத்தவன் கூசவில்லை. எழுத்தைக் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு எழுத்து இல்லை என்பதையே குற்றமாகக் காட்டி வெளியே நிறுத்துவது உலகத்து ஆதிக்கம் எல்லாவற்றுக்கும் பொதுவான தந்திரம்.

புதிய கழகத்தில் சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்கு என்று வாஸ்கோவிடம் சொன்னார்கள். 1924 ஏப்ரல் 7 அன்று சங்கத் தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ் பதில் கடிதம் எழுதினார். அதன் சாரம் இது: அந்தப் பன்னிரண்டு பேரும் பெரும்பாலும் இளைஞர்கள், வாழ்க்கையை இப்போதுதான் தொடங்குகிறவர்கள், எங்களுக்கு வெற்றி வாங்கித் தந்தவர்கள், அவர்கள் மேல் கறை பூசுகிற காரியத்தை அவர்களை வரவேற்ற எங்கள் சங்கமே செய்யாது, ஆகவே உங்கள் கழகத்தில் சேர்வதைக் கைவிடுகிறோம்.

அவ்வளவுதான் கடிதம். கோப்பை வாங்கிய சங்கம், பெரிய அணிகளோடு ஆடுகிற வருமானத்தை விட்டுவிட்டுப் பழைய கழகத்திலேயே நின்றது. அந்த வருடப் பட்டத்தை அங்கே ஓர் ஆட்டமும் தோற்காமல் வாங்கியது. 1925இல் பெரிய சங்கங்களே வாஸ்கோவைச் சேர்த்துக்கொள்ள வேண்டிவந்தது. மைதானம் இல்லை என்று சொன்னாய் அல்லவா என்று, ஆதரவாளர்களிடம் வசூல் செய்து, 1927 ஏப்ரல் 21 அன்று சாவோ ஜனுவாரியோ மைதானத்தைத் திறந்தார்கள். அப்போது பிரேசிலிலேயே பெரிய மைதானம் அது. 1940 மே தினத்தன்று நாட்டின் முதல் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு வந்ததும் அந்த மைதானத்திலிருந்துதான்.

இதைச் சொல்லும்போது வாஸ்கோவைக் கோயிலாக்கிவிடக் கூடாது. கறுப்பரை முதலில் களத்தில் இறக்கிய சங்கம் அது அல்ல. ரியோவின் ஆலைத் தொழிலாளர் அணியான பாங்கு 1905லேயே இறக்கியது. அந்தப் பாங்குவும் 1924இல் பெரிய சங்கங்களோடு போய்ச் சேர்ந்தது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டிய கசப்பு. வாஸ்கோவை நடத்தியவர்கள் வியாபாரிகள், புரட்சிக்காரர்கள் அல்ல. ஜெயிக்கிற அணி வேண்டும் என்றுதான் ஆள் எடுத்தார்கள். ஆனால் விலகு அல்லது விலக்கு என்ற கேள்வி வந்தபோது ஆட்களை விற்கவில்லை. அதற்குத்தான் மரியாதை.

பிறகு அந்தச் சங்கத்துக்கு ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. 1948இல் சாண்டியாகோவில் நடந்த தென்னமெரிக்க சாம்பியன்களின் போட்டியில் பட்டம். 1974, 1989, 1997, 2000 ஆண்டுகளில் பிரேசில் தேசியப் பட்டம். நூற்றாண்டு ஆண்டான 1998இல் கண்டத்தின் பெரிய கோப்பையான லிபர்டடோரஸ். 2008 முதல் நான்கு தடவை இரண்டாம் பிரிவுக்கு இறக்கம். 2022இல் கால்பந்துப் பிரிவு அந்நிய முதலீட்டுக் கம்பெனியின் கைக்குப் போய், 2024இல் நீதிமன்றம் தலையிட்டு அந்தக் கம்பெனியின் பிடியை நிறுத்தியது. கோப்பைகள் பழசாகின்றன. அந்த ஒரு பக்கக் கடிதம் பழசாகவில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடம் இப்படி ஒரு கடிதம் உண்டா?

பல்வங்கர் பாலு. 1870களில் தார்வாரில் பிறந்தவர். தோல் தொழில் செய்கிற சாமர் சாதி. பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தில் தரையைப் பெருக்கி உருளை இழுக்கிற வேலை, மாதம் மூன்று ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் நான்கு ரூபாய். அங்கே வெள்ளைக்காரன் மட்டையடித்துப் பழக இவர் மணிக்கணக்கில் பந்து வீச வேண்டும். மட்டையை மட்டும் இவர் கையில் கொடுக்கமாட்டார்கள். வீசி வீசி, இந்த நாடு கண்ட முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார்.

வெள்ளையரை ஜெயிக்க ஆசைப்பட்ட பூனா இந்துக்களுக்கு இவர் தேவைப்பட்டார். சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் கை பட்ட பந்தை அவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால்? மற்றவர்கள் கூடாரத்துக்குள் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு உடைத்துப்போடும் மண் குவளை. சாப்பாடு தனி இடத்தில். நம் டீக்கடை இரட்டைக் குவளைக்கு வேறு சாட்சி வேண்டுமா? அந்தப் பந்து எதனால் செய்தது? தோல். செத்த மாட்டின் தோலைக் கையில் பிடித்துத் தொடையில் தேய்த்துக்கொள்ளத் தீட்டு இல்லை. அந்தத் தோலைப் பதம் செய்கிற சாதிக்காரன் வாய் வைத்த குவளைதான் தீட்டு.

பிளேக் வந்த காலத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானா. 1906, 1907இல் இந்து அணி வெள்ளையர் அணியைத் தோற்கடித்தது. பாலுவும் தம்பி சிவராமும் அதில் முன்னணி. 1911இல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது பாலு அந்த ஒரே பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். தம்பிகள் சிவராம், கண்பத், விட்டல் எல்லோரும் நாலணிப் போட்டிக்குப் போன ஆட்டக்காரர்கள். இளைஞர் அம்பேத்கருக்கு பாலு ஒரு நாயகர்.

ஆனால் கேப்டன்? வருடாவருடம் நாலணிப் போட்டி வரும், வருடாவருடம் கேப்டன் வேறொருவர். விக்கெட் எடுக்க பாலு, தலைமை தாங்க மேல்சாதி. 1920இல் பாலுவை அணியிலிருந்தே விட்டார்கள். நியமித்த கேப்டன் ஆட முடியாமல் போனபோதும், வயதிலும் அனுபவத்திலும் மூத்த தம்பிகளைத் தாண்டி, பூனாப் பார்ப்பனரான தேவ்தருக்குத் தலைமை போனது. சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகி, சாதி பார்த்துத்தான் இது நடக்கிறது என்று பத்திரிகையில் பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். ஊரே பேசியது. அதன் பிறகுதான் இறுதி ஆட்டத்துக்குத் தம்பிகளைத் திரும்ப அழைத்து, பாலுவைத் துணைக் கேப்டனாகவும் ஆக்கினார்கள். 1923இல் விட்டல் முழுக் கேப்டன் ஆனார். வெள்ளையர் அணியை வென்றார். கூட்டம் தோளில் தூக்கியது.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரியோவில் 12 பேருக்காகச் சங்கம் வெளியேறியது. பம்பாயில் ஆட்டக்காரன் தனக்காகத் தானே வெளியேற வேண்டியிருந்தது. சங்கம் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தது. சேர்த்துக்கொள்வது வேறு, கூட நிற்பது வேறு. சீர்திருத்த இந்து நம்மைச் சேர்த்துக்கொள்வான். நமக்காக ஒரு கோப்பையை விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

இது விளையாட்டோடு நிற்கவில்லை. 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர் கையெழுத்து இருக்கிறது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த நம் இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்து இருக்கிறது. எம்.சி. ராஜா கையெழுத்து இருக்கிறது. பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. அந்தச் சண்டை எதைப் பற்றி? நம் ஆளை நாமே தேர்ந்தெடுப்பதா, அல்லது எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு நமக்கு ஆள் தேர்ந்தெடுப்பதா என்பது பற்றி. நம் அணியா, அவர்கள் அணியில் நமக்கு ஓர் இடமா என்பது பற்றி. பாலு கூட்டுத்தொகுதி பக்கம் நின்றார். இந்து அணிக்கு ஆடியே வாழ்ந்தவர், ஒருநாள் அந்த அணி தன்னை முழுசாக ஏற்கும் என்று நம்பினார். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் அதே பாலுவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. சுமார் 2000 ஓட்டு வித்தியாசத்தில் அம்பேத்கர் ஜெயித்தார்.

பாலுவைத் துரோகி என்று ஒரு சொல்லில் முடித்துவிட நாம் தயாரில்லை. கேப்டன் பட்டம் மறுத்தவர்கள், அம்பேத்கரை வீழ்த்த ஆள் தேவைப்பட்டபோது மட்டும் அவரை முன்னால் நிறுத்தினார்கள். விக்கெட் எடுக்க எப்படி வேண்டியிருந்தாரோ அப்படி. இன்றைக்கும் தனித்தொகுதியில் நம்மவர் ஜெயிக்கிறார். யாருக்கு எந்தப் பக்கம் பந்து வீசுவது என்று சொல்கிற இடத்தில் அவர் இருக்கிறாரா? மேலவளவில் ஊராட்சித் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டினார்களே, அது எதற்கு? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலே நடத்த விடவில்லையே, அது எதற்கு? ஆடலாம், கேப்டன் ஆகக் கூடாது. இதுதான் விதி.

ஜெயித்தால் தேசம், தோற்றால் சாதி என்று இன்னொரு விதியும் இருக்கிறது. வாஸ்கோவின் கோல்காவலர் பார்போசா, கறுப்பர். 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் பிரேசில் 2–1 என்று உருகுவேயிடம் தோற்றது. பதினொரு பேர் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு பார்போசாவைச் சாகும்வரை குற்றவாளியாக்கினார்கள். இந்த நாட்டில் அதிகபட்ச தண்டனையே முப்பது வருடம், எனக்கு மட்டும் ஐம்பது வருடம் என்று கிழவர் புலம்பியபடி 2000 ஏப்ரல் 7 அன்று செத்தார். அந்தக் கடிதம் எழுதப்பட்ட அதே தேதி.

அது பிரேசில் என்று ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டாம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் அப்படிப் போட்ட முதல் இந்தியப் பெண் அவர். சில நாளில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றது. ஹரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டு முன்னால் மேல்சாதி இளைஞர்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். தேசபக்தியின் லட்சணம் அந்த வாசலில் தெரிந்தது.

"வெளாட்டுல என்னாய்யா சாதி? எல்லாரும் ஒண்ணா ஆடுறோம், இதுலயும் கொண்டாந்து நொழைக்கிறீங்களே" என்று நம் பக்கத்து நல்லவர்கள் சலித்துக்கொள்வார்கள். சரி, கேட்போம். பொங்கலுக்கு ஊருக்கு ஊர் போட்டி நடக்கிறது. நோட்டீஸில் ஒரு ஊருக்கு ஓர் அணி என்று போடுகிறார்களே, அந்த ஊர் என்ற சொல்லுக்குள் சேரி இருக்கிறதா? சேரி தனி அணி என்று வந்தால் இரண்டு அணி கூடாது. சேர்ந்து வா என்றால் ஊர் அணியில் இடம் இல்லை. கோப்பைக்கு வைக்கிற பெயர் யார் பெயர்? ஜெயித்த அணிக்கு விருந்து எந்தத் தெருவில்? அரக்கோணம் பக்கத்துக் கிரிக்கெட் அணிகளின் கதையாக 2024இல் 'ப்ளூ ஸ்டார்' படம் வந்தபோது நம் பிள்ளைகள் விசிலடித்தது சும்மா இல்லை. தாங்கள் ஆடின ஆட்டத்தை முதல் தடவையாகத் திரையில் பார்த்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தரை. நம் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள்? அறுப்பு முடிந்த கழனியில், தண்ணீர் வற்றின ஏரி உள்வாயில், கல்குவாரிப் பக்கத்துப் பொட்டலில். அத்தனையும் அடுத்தவன் தயவு. சேடை ஓட்டினால் ஆட்டம் முடிந்தது. கழனிக்காரன் கோபித்தால் ஆட்டம் முடிந்தது. தேர்தலில் நம் பையன் வேறு கொடி பிடித்தால் ஆட்டம் முடிந்தது. சொந்த மைதானம் இல்லாதவனுக்கு இடமில்லை என்று ரியோவில் சொன்னார்கள். இங்கே வாய்விட்டுச் சொல்வதே இல்லை.

அப்படியானால் நிலம் எங்கே? இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அந்த நிலத்தைக் காரணையில் மீட்கப் போனவர்களுக்காக நியாயம் கேட்டுச் செங்கல்பட்டில் கூடியபோது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். இன்றைக்கு ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நிலம் விற்கிற விலையில் பஞ்சமி நிலம் எந்தக் கம்பெனி மதிலுக்குள் இருக்கிறது என்று யார் தேடுவது? நம் பையன் அதே மதிலுக்குள் ஒப்பந்தக் கூலியாகப் போய் வருகிறான். தாத்தன் நிலமாக இருக்கலாம், அவனுக்குத் தெரியாது.

ஆகவே மைதானம் கேட்பது பொழுதுபோக்குக் கோரிக்கை இல்லை. அது நிலக் கோரிக்கை. கால்வேலி இல்லாதவன் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்னால் குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவன், இன்றைக்குத் தன் கால் ஊன்ற ஒரு தரை கேட்கிறான்.

தரை கொஞ்சம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வடசென்னை சாட்சி. வியாசர்பாடியில் 1997லிருந்து குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் படிப்பும் சேர்த்துக் கொடுத்துவருகிறார்கள். அந்தத் தெருக்களிலிருந்து போன நந்தகுமார் 2023 ஆகஸ்ட் 12 அன்று துராந்த் கோப்பை ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டு ஆட்டத்தை முடித்தார். கல்கத்தாவே எழுந்து நின்றது. வியாசர்பாடி என்றால் ரவுடி என்று எழுதின பேனாக்கள் அன்று வேறு மாதிரி எழுத வேண்டியதாயிற்று. அவருக்குத் தனித் திறமை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். திறமை எல்லாச் சேரியிலும் இருக்கிறது. தரைதான் இல்லை.

அடுத்தவனைக் கேட்கிற கேள்வியை நம்மிடமும் கேட்க வேண்டும். நம் காலனி அணியில் அருந்ததியப் பையன் இருக்கிறானா? ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிற இருளர் பிள்ளை இருக்கிறானா? பந்து பொறுக்கிப் போட மட்டும் அவனைக் கூப்பிடுகிறோமா? பாலுவைப் பெருமையாகச் சொல்கிறோம். பாலு தோல் தொழில் சாதி. நம் ஊரில் அவர் பிறந்திருந்தால் நாமே அவருக்கு எந்தக் குவளை கொடுத்திருப்போம்? நம் பெண்பிள்ளைகள் வயசுக்கு வந்ததும் மைதானத்திலிருந்து ஏன் காணாமல் போகிறார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் ஊர்க்காரனைப் பார்த்துக் கை நீட்டினால் அவன் சிரிப்பான், சிரிக்க வேண்டியதுதான்.

அதனால் இந்த ஆண்டு நம் வட்டத்துத் தோழர்களுக்கும் மாணவர் நண்பர்களுக்கும் நாம் வைக்கிற வேலை இவை. அடுத்து வருகிற கிராம சபையில் சேரிப் பக்கம் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று எழுத்து மூலம் தீர்மானம் கொடுங்கள். பதிவேட்டில் ஏறாமல் எழுந்து வராதீர்கள். உங்கள் கிராமத்தின் பழைய நிலப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, பஞ்சமி நிலம் எங்கே என்று புல எண்ணோடு எழுதி வையுங்கள். போட்டி நடத்தினால் சாதித் தலைவர் பெயரில் நடத்தாதீர்கள். அணியில் அருந்ததியரும் இருளரும் பெண்களும் வருகிற மாதிரி அமையுங்கள். தலைமையைச் சுற்றுக்கு விடுங்கள்.

கடைசியாக ஒன்று. எந்தப் போட்டிக்குப் போனாலும், இந்த ஒருத்தனை மட்டும் விட்டுவிட்டு வா, மற்றவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு பேச்சு வரும். நாசூக்காக வரும். வயதுச் சான்று என்று வரும், முகவரி என்று வரும், நல்ல நடத்தை என்று வரும். வேலையில் வரும், கல்லூரியில் வரும், கட்சிக் கூட்டணியில் வரும். மற்ற பத்துப் பேரும் ஆடட்டுமே, ஒருத்தன்தானே என்று நமக்கே தோன்றும். அப்போது ரியோவில் ஒரு வியாபாரிச் சங்கம் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தாள் எடுத்து, தேதி போட்டு, எல்லோரும் கையெழுத்து வைத்து எழுதிக் கொடுங்கள்: எங்கள் ஆளை விட்டுவிட்டு நாங்கள் வருவதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும். அதுவும் செல்லும்.